அம்மாவின் ஒரு நாளும் ‘கெட்’ என்ற வினைச்சொல்லும்

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் ‘கெட்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் ‘பெறு’ என்பார்கள். 3ஆம் தரத்தில் ஆங்கிலப் புத்தகம் கைக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். கொப்பியின் நடுவில் ஒரு கோடு, இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ். ‘ஈட்’ என்றால் சாப்பிடு, ‘ஸ்லீப்’ என்றால் தூங்கு, ‘கெட்’ என்றால் பெறு. முதல் இரண்டுக்கும் அந்த முறை சரி. மூன்றாவதற்குச் சரிவராது. சாதாரண தரப் பரீட்சை வரும்போது ‘இட் இஸ் கெட்டிங் டார்க்’ என்ற வரியைப் பார்த்துவிட்டு, ‘அது இருட்டைப் பெறுகிறது’ என்று எழுதுகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளே அப்படி எழுதுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ‘பெறு’ என்று சொல்லிக் கொடுத்தால் ‘பெறு’ என்றுதான் எழுதுவார்கள்.

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் நான் மாலை வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் அநேகம் பேர் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். ஆங்கில வினைச்சொற்களில் எதை முதலில் கைவசப்படுத்த வேண்டும் என்று யாராவது கேட்டால், தயங்காமல் ‘கெட்’ என்பேன். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் வாயில் மூச்சுக்கு முந்நூறு தரம் வருகிற சொல் அது. காலையில் எழும்புவது, பஸ் ஏறுவது, மழையில் நனைவது, காய்ச்சல் வருவது, கல்யாணம் முடிப்பது, சொன்ன விஷயம் விளங்குவது, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல் வரும். அகராதியைத் திறந்தால் பொருள்கள் பக்கம் பக்கமாக ஓடும். அதைப் பார்த்தே பிள்ளைகள் பயந்துவிடுகிறார்கள்.

அந்தப் பொருள்களை வரிசையாக மனப்பாடம் செய்ய வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அத்தனைக்கும் அடியில் ஒரே ஒரு எண்ணம்தான் கிடக்கிறது: முன்னே அப்படி இல்லை, இப்போது அப்படி ஆகிவிட்டது. கையில் இல்லாத பொருள் கைக்கு வந்தது. இங்கே இருந்த ஆள் அங்கே போய்ச் சேர்ந்தான். காய்ந்திருந்த உடுப்பு நனைந்தது. விளங்காதது விளங்கியது. எப்படி ஆனது, யார் ஆக்கினார்கள் என்பதை ‘கெட்’ சொல்லவே சொல்லாது, மாற்றத்தை மட்டும் சொல்லிவிட்டு நிற்கும். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மீதியெல்லாம் மெல்ல மெல்லத் தானாக வரும்.

சமீபத்தில் வகுப்பில் ஒரு வேலை கொடுத்தேன். அம்மாவின் ஒரு நாளை முதலில் தமிழில், வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதுங்கள், அப்புறம் ஆங்கிலத்துக்குப் போகலாம் என்றேன். ஒரு பிள்ளை எழுதியது இது:

“அம்மா நாலரைக்கு எந்திரிச்சாங்க. தம்பியை ரெடி பண்ணிட்டு பெரட்டுக்குப் போய்ச் சேர்ந்தாங்க. மலையில நல்லா நனைஞ்சிட்டாங்க. அட்டை கடிச்சிருச்சி. கொழுந்து நிறுத்தப்போ கிலோ பத்தல. அரைப்பேருதான் விழுந்துச்சி. வீட்டுக்கு வந்து சேரும்போது இருட்டிக்கிட்டு வந்துச்சி.”

பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடம். அரைப்பேர் என்றால் பாதி நாள் சம்பளம், அதைப் பிறகு விளக்குகிறேன். இதை ஆங்கிலமாக்க உட்கார்ந்தவள், வரிக்கு வரி ஒரு புதிய வினைச்சொல் வேண்டும் என்று நினைத்து அகராதியைப் புரட்டத் தொடங்கினாள். அகராதியை மூடச் சொன்னேன். எல்லா வரிக்கும் ‘கெட்’டையே போட்டு எழுது பார்க்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். நடந்து முடிந்த கதை என்பதால் ‘கெட்’ என்பது ‘கொட்’ ஆகும். பிறகு நானும் கூட உட்கார்ந்து, இரண்டு பேருமாக எழுதி முடித்தோம்: மை மதர் கொட் அப் எட் ஹாஃப் பாஸ்ட் ஃபோர். ஷீ கொட் மை பிரதர் ரெடி அன்ட் கொட் டு த மஸ்டர். ஷீ கொட் வெட். ஷீ கொட் பிட்டன் பை லீச்சஸ். ஷீ கொட் ஹாஃப் அ டேஸ் பே. இட் வோஸ் கெட்டிங் டார்க் வென் ஷீ கொட் ஹோம்.

“டீச்சர், இவ ஒரே வேர்ப்ப வச்சே முழு நாளையும் முடிச்சிட்டா!” என்றான் பின்வரிசைப் பையன். உண்மைதான். கிலோ பத்தாத வரி ஒன்றைத் தவிர எதுவும் விடுபடவில்லை. எழுதியது இயல்பான ஆங்கிலமும்கூட. இங்கிலாந்தில் ஒரு பிள்ளை தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாலும் ஏறத்தாழ இப்படித்தான் சொல்லும்.

இனி அந்த வரிகளைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ‘கொட் வெட்’, ‘கெட்டிங் டார்க்’ இரண்டும் ஒரு வகை. ‘கெட்’டுக்குப் பின்னால் ஒரு நிலையைக் குறிக்கும் சொல் வந்தால் அந்த நிலைக்கு ஆளாவது என்று பொருள். இருட்டுகிறது, குளிர் ஏறுகிறது, வயசாகிறது, பசி எடுக்கிறது என்று நாம் தமிழில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வினையை வைத்திருக்கிறோம். ஆங்கிலம் எல்லாவற்றையும் ‘கெட்’டிடம் ஒப்படைத்துவிட்டது. ஒரு எல்லை மட்டும் உண்டு. பின்னால் பெயர்ச்சொல் வந்தால் இந்தப் பொருள் வராது. டீச்சர் ஆக வேண்டும் என்பதை ‘ஐ வோன்ட் டு கெட் அ டீச்சர்’ என்று எழுதினால், எனக்கு ஒரு டீச்சரைப் பிடித்துக் கொடுங்கள் என்றாகிவிடும். அங்கே ‘பிகம்’தான் வேண்டும்.

‘கொட் டு த மஸ்டர்’ என்பது போய்ச் சேர்வது. ‘வென்ட்’ என்று எழுதினால் புறப்பட்டுப் போனாள், அவ்வளவுதான். ‘கொட் டு’ என்றால் போய்ச் சேர்ந்தே விட்டாள். மழையிலும் சேற்றிலும் லயத்து வீட்டிலிருந்து பெரட்டுக்களத்துக்கு நடக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம். பிந்திப் போய்ச் சேர்ந்தால் அன்றைய பேருக்கே, அதாவது சம்பளத்துக்கே, மோசம். ‘ஹோம்’ என்ற சொல்லுக்கு முன்னால் மட்டும் ‘டு’ வராது, ‘கொட் ஹோம்’ என்றே எழுத வேண்டும். ‘ஹியர்’, ‘தெயர்’ இரண்டுக்கும் அதே விதி.

அட்டை கடித்த வரியில் நான் கொஞ்சம் நின்றேன். ‘ஷீ வோஸ் பிட்டன்’ என்றும் எழுதலாம், பிழையில்லை. ஆனால் பேச்சு ஆங்கிலத்தில், எதிர்பாராமல் வந்து விழுகிற காரியங்களுக்கு, அதிலும் கெட்ட காரியங்களுக்கு, ‘வோஸ்’ஸை விட ‘கொட்’ நன்றாகப் பொருந்தும். ‘கொட் ஹர்ட்’, ‘கொட் கோட்’, ‘கொட் ஸ்டங்’. நம் பத்திரிகைகளில் அடிக்கடி பார்க்கிற ‘குளவிக்கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதி’ என்ற செய்தியை ஆங்கிலப் பத்திரிகை ‘வேர் ஸ்டங்’ என்று போடும். அதையே வீட்டுக்கு ஓடி வந்து சொல்கிற பிள்ளை ‘மம் கொட் ஸ்டங்’ என்று சொல்லும். தமிழில் ‘படு’ செய்கிற வேலையை இங்கே ‘கெட்’ செய்கிறது: அடிபட்டான், பிடிபட்டான், அகப்பட்டான்.

‘படு’வை விடவும் நெருங்கிய சொந்தம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதுதான் ‘வாங்கு’. கடையில் சீனி வாங்குகிறோம். சம்பளம் வாங்குகிறோம். ஏச்சு வாங்குகிறோம், அடி வாங்குகிறோம். மலை ஏறினால் மூச்சு வாங்குகிறது. நல்ல பேர் வாங்குகிறோம். தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கிற கங்காணி வேலை வாங்குகிறார். இத்தனை ‘வாங்கு’வையும் எந்தப் பிள்ளையும் கொப்பியில் கோடு போட்டுப் படிக்கவில்லை, கேட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டது. ‘வாங்கு’வை இப்படிப் பிடித்த பிள்ளைக்கு ‘கெட்’ வராமல் போகாது என்று வகுப்பில் அடித்துச் சொல்வேன். சொன்னதும் அவர்களே உதாரணம் தேட ஆரம்பித்துவிடுவார்கள். ‘மூச்சு வாங்குது’க்கு மட்டும் ‘கெட்டிங் அவுட் ஒஃப் பிரெத்’ என்று இரண்டு மூன்று சொல் கூடுதலாகத் தேவைப்படும்.

‘வேலை வாங்கு’ என்பதில் இன்னொரு பாடமும் ஒளிந்திருக்கிறது. ஒருவரைக் கொண்டு ஒன்றைச் செய்விப்பதற்கும் ‘கெட்’ வரும்: த கங்காணி கொட் தெம் டு ஃபினிஷ் த ஃபீல்ட். சொல்லி, கெஞ்சி, விரட்டி, எப்படியோ முடிக்க வைத்தார். இதையே ‘மேட்’ போட்டு எழுதினால் ‘டு’ போய்விடும்: மேட் தெம் ஃபினிஷ். பொருளும் மாறும். ‘மேட்’டில் கட்டாயம் தெரியும். ‘கொட்’டில் பேச்சும் சாமர்த்தியமும் இருக்கலாம். பொருளை முன்னால் வைத்து, ‘வீ கொட் த ரூஃப் ரிப்பேர்ட்’ என்றால் கூரையை ஆள் வைத்துச் செய்து எடுத்தோம் என்று அர்த்தம். தகரம் பறந்த லயத்துக் கூரையைப் பற்றி எழுத வேண்டிய பிள்ளைகளுக்கு இந்த அமைப்பு கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, அரைப்பேருக்கு வருகிறேன். நான் அதிக நேரம் செலவழித்தது அந்த வரியில்தான். தோட்டத்துக்கு வெளியே இருக்கிறவர்களுக்காக ஒரு விளக்கம்: தோட்டக் கணக்கில் ஒரு நாள் வேலைக்கு ஒரு ‘பேர்’. சொன்ன கிலோ கொழுந்து இல்லையென்றால் அரைப்பேர் விழும். எத்தனை கிலோ என்பது தோட்டத்துக்குத் தோட்டம், காலத்துக்குக் காலம் மாறும். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாயாக்கப்பட்டபோது மலையகத்தில் அதிகம் பேசப்பட்டது அந்தத் தொகையும் இந்தக் கிலோவும்தான். சம்பளம் ஏறினாலும் கிலோ பத்தாவிட்டால் கைக்கு வருவது பாதி.

‘ஷீ கொட் ஹாஃப் அ டேஸ் பே.’ இலக்கணம் சரி. ஆனால் இந்த வரியில் யார் பாதியாக்கினார்கள் என்பது இல்லை. கொழுந்தை நிறுத்தவர் இல்லை, செக்ரோல் என்ற பேர்ப் பதிவேட்டில் குறித்தவர் இல்லை. காலையிலிருந்து அந்தியாகும் வரை அம்மா மலையில் நின்றதும் இல்லை. பாதிச் சம்பளம் எங்கிருந்தோ அவள் கையில் வந்து விழுந்த மாதிரி இருக்கிறது. ‘கெட்’ எதையும் மறைக்க வேண்டும் என்று மறைப்பதில்லை, அதன் சுபாவமே அதுதான். பரிசையும் ‘கெட்’ என்றே சொல்லலாம், தண்டனையையும் ‘கெட்’ என்றே சொல்லலாம். உழைத்து வாங்கியதும் ஒன்று, சும்மா கிடைத்ததும் ஒன்று.

அந்தப் பிள்ளையிடம் வேறு மூன்று வரிகளை எழுதிக் காட்டினேன். ‘தே பெய்ட் ஹெர் ஒன்லி ஹாஃப்’ என்றால் கொடுத்தவர்கள் முன்னால் வருகிறார்கள். ‘ஷீ வோஸ் கிவன் ஒன்லி ஹாஃப்’ என்றால் கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார், பெயர் மட்டும் சொல்லப்படவில்லை. ‘ஷீ வேர்க்ட் ஓல் டே, பட் வோஸ் பெய்ட் ஃபோர் ஹாஃப்’ என்றால் அம்மாவின் உழைப்பும் வரிக்குள் வந்துவிடுகிறது. எதை எடுக்கப் போகிறாய் என்று கேட்டேன். மூன்றாவதை எடுத்தாள். எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. மற்ற ‘கெட்’ எல்லாவற்றையும் அப்படியே விட்டோம்.

பிரஜாவுரிமைக் கதையிலும் இதே விஷயம் வருகிறது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு நம் ஆட்களில், அதாவது மலையகத் தமிழர்களில், மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. மிச்சமிருந்தவர்களின் கதை 1974 ஒப்பந்தத்துக்கும் அதன் பிறகு வந்த சட்டங்களுக்கும் இழுபட்டு, 2003இல் இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் வரை வந்தது. இதைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுகிற பிள்ளை ‘வீ கொட் சிட்டிசன்ஷிப்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறது. சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் இருக்கிற சொல் ‘கிராண்ட்’, அதாவது மேலே இருந்து வழங்குவது. நம் வீடுகளில் பெரியவர்கள் ‘கிடைச்சிச்சி’ என்றும் சொல்வார்கள், ‘வாங்கினோம்’ என்றும் சொல்வார்கள். ‘ரிகெய்ன்ட்’ என்று எழுதினால் முன்பு நம்மிடம் இருந்து பறிபோனதைத் திரும்ப எடுத்தோம் என்றாகும். வரலாற்றுப் பாடத்தில் எந்த வினை என்பது சின்ன விஷயமல்ல. இந்த இடத்தில் ‘கெட்’டை நம்பி எழுத வேண்டாம் என்பது என் திடமான கருத்து.

தமிழ்ப் பிள்ளைகள் தடுமாறுகிற இன்னொரு இடம், வாக்கியத்தின் தலையில் யார் நிற்கிறார் என்பது. நாம் ‘எனக்குக் கடிதம் வந்தது’, ‘எனக்குக் காய்ச்சல் வந்தது’, ‘எனக்கு வேலை கிடைத்தது’ என்கிறோம். வருவது கடிதமும் காய்ச்சலும் வேலையும்தான், நான் ‘எனக்கு’ என்று ஓரமாக நிற்கிறேன். ஆங்கிலத்தில் ‘ஐ’ முன்னுக்கு வந்து நின்றுகொள்ளும்: ஐ கொட் அ லெட்டர், ஐ கொட் அ ஃபீவர், ஐ கொட் அ ஜொப். அதனால் ‘டு மீ’ என்று தொடங்கும் வரியைப் பார்த்தால் அங்கே ‘கெட்’ வர வேண்டுமா என்று யோசிக்கச் சொல்லித் தருகிறேன். பெரும்பாலும் வர வேண்டியிருக்கும்.

பஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளே நிமிர்ந்து நடக்கக்கூடிய வாகனம் என்றால் ‘கெட் ஒன்’, ‘கெட் ஒஃப்’. பஸ், ரயில், விமானம் எல்லாம் அதில் அடங்கும். குனிந்து நுழைந்து உட்காருவது என்றால் ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. கார், வேன், த்ரீவீல் இதில் வரும். இலங்கையில் நாம் ‘கெட் டவுன்’ என்கிறோம். தலவாக்கலையில் இறங்குகிறேன் என்பதற்கு ‘ஐ கெட் டவுன் எட் தலவாக்கலை’ என்றால் நாட்டுக்குள் எல்லோருக்கும் விளங்கும். கொழும்பிலிருந்து ஒரு சாமானைத் தருவிப்பதற்கும் நாம் ‘கெட் டவுன்’ என்போம். இதெல்லாம் இலங்கை ஆங்கிலம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெளிநாட்டுக்காரரிடம் பேசும்போது மட்டும் ‘கெட் ஒஃப்’ என்று மாற்றிக்கொண்டால் போதும்.

யூடியூப் பார்க்கிற பிள்ளைகள் இப்போது ‘கொட்டன்’ என்ற வடிவத்தைக் கொண்டு வருகிறார்கள். டீச்சர், இது சரியா பிழையா? அமெரிக்காவில் சரி. பிரிட்டிஷ் முறையில் ‘ஹேவ் கொட்’ போதும், நம் பாடப்புத்தகமும் அந்த வழியில்தான் போகிறது. அமெரிக்கர்கள் இரண்டையும் வைத்துக்கொண்டு வேறுபடுத்துகிறார்கள்: ‘ஹேவ் கொட்’ என்றால் கையில் இருக்கிறது, ‘ஹேவ் கொட்டன்’ என்றால் கைக்கு வந்து சேர்ந்தது அல்லது அப்படி ஆகிவிட்டது. ‘கொட்டன்’ அமெரிக்காவில் முளைத்த புது வடிவமும் அல்ல. முன்பு இங்கிலாந்திலும் இருந்தது, பிறகு அங்கே வழக்கொழிந்தது. ‘ஃபர்கொட்டன்’ என்ற சொல்லில் இன்றைக்கும் அந்த வால் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘ஃபர்கெட்’டும் ‘கெட்’டும் ஒரே குடும்பம். பழைய ஆங்கிலத்தில் இந்த வேர் ‘ஃபர்கெட்’ போன்ற கூட்டுச் சொற்களுக்குள்தான் இருந்தது. தனியாக நிற்கிற ‘கெட்’, ஸ்கண்டிநேவியாவிலிருந்து வந்து இங்கிலாந்தில் குடியேறியவர்கள் பேசிய நோர்ஸ் மொழியிலிருந்து 1200ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்துக்குள் வந்தது. கையில் பிடிப்பது ‘கெட்’, கைப்பிடி நழுவிப்போவது ‘ஃபர்கெட்’ என்று சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

கட்டுரையில் ‘கெட்’ வந்தாலே சிவப்பு மையால் வெட்டுகிற வழக்கம் சில ஆசிரியர்களிடம் இருக்கிறது. நான் அதற்கு உடன்படமாட்டேன். கதை சொல்லும்போதும் நண்பருக்கு எழுதும்போதும் ‘ஒப்டெய்ன்’, ‘ரிசீவ்’ என்று விறைப்பாக எழுதினால் அது பேச்சு மாதிரியே இருக்காது. கடிதம் என்றால் வேறு. அடையாள அட்டைக்காகப் பிரதேச செயலகத்துக்கு எழுதும்போது, ‘ஐ டிட் நொட் கெட் மை கார்ட்’ என்பதை விட ‘ஐ ஹேவ் நொட் ரிசீவ்ட் மை கார்ட்’ என்பதே பொருத்தம். சான்றிதழ் எடுப்பதற்கு ‘ஒப்டெய்ன்’. இரண்டு நடையும் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும், எங்கே எது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. அம்மாவுக்குப் பிறகு அம்மாச்சியைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு பையன் கொண்டு வந்த வரி: ‘அம்மாச்சிக்கு பள்ளிக்கூடம் போகக் கிடைக்கல.’ எங்கள் பக்கத்துத் தமிழில் இந்தப் ‘போகக் கிடைக்கல’, ‘பார்க்கக் கிடைக்கல’ மிகச் சாதாரணம். வாய்ப்பே வரவில்லை என்று அர்த்தம். ‘ஷீ டிட் நொட் கோ டு ஸ்கூல்’ என்று எழுதியிருந்தான். அது போகவில்லை என்பதைச் சொல்கிறது. போக ஆசை இருந்து வழி இல்லாமல் போனதைச் சொல்லவில்லை. இதற்கு ஆங்கிலத்தில் அச்சாக ஒரு வழி இருக்கிறது, அதுவும் ‘கெட்’தான்: ஷீ நெவர் கொட் டு கோ டு ஸ்கூல். பையன் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். கொப்பியில் எழுதும்போது நடுவில் இருக்கிற ‘டு கோ’ விடுபட்டுப் போனது. அதை விட்டால் ‘ஷீ நெவர் கொட் டு ஸ்கூல்’ என்றாகும், புறப்பட்டுப் போனவர் பள்ளிக்கூடம் வரை போய்ச் சேரவில்லை என்று பொருள் வரும். அந்த இரண்டு சொல்லையும் சேர்த்து எழுதி, அடிக்கோடு போடச் சொன்னேன்.